மைனஸ் ஐம்பத்தெட்டு

அத்தியாயம் 3

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்சிக்காரர் வந்தால் எனக்குப் பிடிக்காது. அதிலும் அழாத கட்சிக்காரர் வந்தால் சுத்தமாகப் பிடிக்காது. அழுகிறவர்களுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து ஆற்றிவிடலாம். அழாதவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று யார் கண்டது?

பாலம்மா அழவில்லை. கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற எங்கள் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில், கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு என் முதலாளியம்மா இராஜேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹந்தானையில் கொழுந்து பறிக்கிற அம்மா. கூட வந்த மகன் ஜீவன், உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றான்.

"என் மகளக் கொன்னுட்டான் மிஸ்," என்றார் பாலம்மா. "கொன்னவன் நான் கொல்லலைங்கிறான். இன்னைக்கு அந்திப் பூசைக்குள்ள எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

"எதால கொன்னான்?" என்று கேட்டார் இராஜேஸ்வரி. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி. முன்பு காப்புறுதிக் கம்பனியில் விபத்து விசாரணை செய்தவர். மனுஷர்களை விட நசுங்கிய வண்டிகளோடுதான் அதிகம் பேசியிருக்கிறார்.

"ஒயில் லைட்டால."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்கு வந்ததை அடக்கத் தெரியாதவன் இந்த ஸாகி என்று உம்மா சும்மா சொல்லவில்லை. ஆனால் கதையைக் கேட்டு முடிக்கும்போது அந்தச் சிரிப்புக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போன வாரம் ஒரு காலையில் தேயிலை மலையில் குளவி கலைந்திருக்கிறது. பாலம்மாவின் மகள் டிலானியை மொய்த்துவிட்டது. முகம், கழுத்து, காது, வாய்க்குள்ளேயும். அம்புலன்ஸ் வரத்தான் வந்தது. மழையில் பாதி சரிந்துபோன வளைவில் அந்தப் பெரிய வண்டியால் ஏற முடியவில்லை. வளைவில் நுழையக்கூடிய சின்னக் கார் தோட்டத்து லய வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். தினுஷன் என்கிற பையனுடையது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த ரீகண்டிஷன் கார், ஹயருக்கு விடுவான். பாலம்மா ஓடிப்போய் அவன் கதவைத் தட்டினார்.

"'ஒயில் லைட்டு எரியுது அத்த, ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் இறுகிப் பிடிச்சுரும்'னான். ஷெட்டு கதவக் கூட தொறக்கல. நான் அவன் காலப் புடிச்சேன் மிஸ். விடாம புடிச்சேன். முடியாது முடியாதுன்னே நின்னான்."

கடைசியில் கம்பளியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, கீழே நின்ற அம்புலன்ஸுக்கு இறங்கியிருக்கிறார்கள்.

"வண்டிய குடுக்காத நாய், தோளக் குடுக்க ஓடி வந்துச்சு. முன் பக்கத்த அவன்தான் பிடிச்சான். பாதி வழியில என் பிள்ள போயிருச்சு."

அன்று மத்தியானமே பாலம்மா தினுஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டார். தோட்டத்தில் அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. கோயில் கமிட்டி கூடியது. தலைவர் வீரய்யா உடனே தினுஷனின் ஷெட்டுக்குத் தன் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். இந்த ஞாயிறு அந்திப் பூசைக்கு முன் தீர்ப்பு.

"அவன் சொன்னது பொய்யின்னா, அவன் குடும்பத்தையே கோயில்ல இருந்து தள்ளி வைப்பாங்க. உண்மைன்னா, வீணா மண்ணத் தூத்தினதுக்கு நான் எல்லாரு முன்னுக்கும் அவன் கால்ல விழணும். என் பிள்ளயக் கொன்னவன் கால்ல ரெண்டாவது தடவ விழணுமா மிஸ்?"

"நீ எதுக்கும்மா விழணும்? அவன் விழட்டும்!" கதவோரத்திலிருந்து ஜீவன் பாய்ந்தான். "அது வெறும் மஞ்ச ஸ்பேனர் லைட்டு மிஸ். சர்வீஸ் வந்துருச்சுன்னு ஞாபகப்படுத்துறது. அதுக்கெல்லாம் எந்த எஞ்சினும் பிடிக்காது. பச்சப் பொய்!"

"வண்டி ஓட்டுவீங்களா தம்பி?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "இல்ல. இவங்கப்பா கறுப்பையா, இவன் ஓட்டின லொறியோட பள்ளத்துல விழுந்துதான் செத்தாரு. இனி ஸ்டியரிங்கத் தொடுறதில்லன்னு அன்னைக்கே என் முன்னுக்குச் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டான். இப்ப டவுன்ல ஹோட்டல் குசினியில இருக்கான். அன்னைக்குக் கூட வேலையிலதான் இருந்தான் பாவம். நான் அடிச்ச போன் கூட அவனுக்குக் கேக்கல."

ஜீவன் தலையைக் குனிந்துகொண்டான். தங்கையைப் பறிகொடுத்தவன். எனக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது. இந்த வரியை எழுதவே இப்போது கை கூசுகிறது.

"பூசைக்கு முன்னால கோயிலுக்கு வாறேன்," என்றார் இராஜேஸ்வரி. "ஆனா ஒண்ணு. எனக்குக் கிடைக்கிறதைத்தான் சொல்வேன். உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்ல மாட்டேன். சம்மதமா?"

"உண்மைதான் மிஸ் வேணும்," என்றார் பாலம்மா.

ooo

என் முச்சக்கர வண்டி கட்டுகஸ்தோட்டைப் பாதையில் இருமிக்கொண்டு போனது.

"ஆக, ஒரு லைட்ட விசாரிக்கப் போறம்," என்றேன். "கைது செய்றதெண்டா கைவிலங்குக்குப் பதிலா ஸ்க்ரூட்ரைவர் கொண்டு வந்தீக்கலாமே மிஸ்."

"ஸாகி, உன் வண்டியில எத்தனை லைட் எரியுது?"

"ஒண்டும் எரியாது. ஹெட்லைட்டும் சேர்த்துத்தான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

தினுஷனின் காருக்குப் போன முறை ஒயில் மாற்றிய கராஜ் ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. முதலாளி அழகமுத்து பாஸ், ஞாயிறென்றும் பாராமல் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். முதலில் வெளியே வந்தது தொப்பை. ஆள் பிறகுதான் வந்தார்.

"தினுஷன்ட காரா? நான்தான் பார்க்கிறது. போன தடவ ஒயில் மாத்தினதும் நான்தான்."

"மாத்தினீங்களா, பட்டனை மட்டும் அமத்தி விட்டீங்களா?" என்று கேட்டார் இராஜேஸ்வரி.

பாஸின் முகம் சுருங்கியது. விஷயம் தெரிந்த ஆள் வந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. இந்தக் காலத்துக் கார்கள் பெரிய புத்திசாலிகள் என்று நாம் நினைக்கிறோம். ஒயில் ஞாபகப்படுத்துகிற விஷயத்தில் பாதிக்கு மேல் கார்கள் குருடு. உள்ளே இருப்பது புது ஒயிலா, கறுத்துப்போன பழைய ஒயிலா என்று அவற்றுக்குத் தெரியாது. ஓடிய தூரத்தை எண்ணும், அவ்வளவுதான். கராஜில் பட்டனை அமுக்கிப் பிடித்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். ஒயில் மாற்றாமல் பட்டனை மட்டும் அமுக்கினாலும் கார் சந்தோஷமாக நம்பிவிடும். ஒயிலை மாற்றிவிட்டுப் பட்டனை மறந்தால், புது ஒயிலோடு ஓடிக்கொண்டே பழைய பாட்டைப் பாடும்.

"ஒயிலும் மாத்தினேன், பட்டனும் அமத்தினேன்," என்றார் பாஸ் ரோஷமாக. "மலைக்கு ஏறி இறங்குற வண்டி. அதனால ஐயாயிரம் கிலோமீற்றருக்கு வச்சேன். ஓட ஓட எண்ணு கொறைஞ்சு வரும். சீரோ ஆனதும் மஞ்ச ஸ்பேனர் எரியும். இல்லாட்டி ஆறு மாசம். எது முந்துதோ அது."

"ஆறு மாசம் ஆச்சா?"

"எங்க! பாதி கூட ஆகல. தூரத்தாலதான் வந்திருக்கும். நல்ல ஹயர் போல."

"சீரோவுக்குப் பிறகும் ஓட்டினா?"

"மைனஸ்ல போகும். எத்தனை கிலோமீற்றர் பிந்திட்டீங்கன்னு காட்டும்."

"சீரோ ஆனதும் எஞ்சின் பிடிக்குமா?"

பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிடிக்கிறதா! நூத்துக்கணக்குல இன்னும் ஓடலாம் மிஸ். சிவப்புல ஒயில் கேன் படம் எரியுது பாருங்க, அது வந்தாத்தான் அந்த எடத்துலயே நிப்பாட்டணும். உள்ளுக்க ஒயில் ஓடலன்னு அர்த்தம். மஞ்சள் சும்மா காலண்டர் மாதிரி."

"இதை தினுஷனுக்குச் சொல்லியிருக்கீங்களா?"

சிரிப்பு நின்றது. கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"எல்லாருக்கும் சொல்றதத்தான் அவனுக்கும் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"மஞ்ச லைட்டு வந்தா ஒரு அடி கூட எடுக்காத, எஞ்சின் பிடிச்சுரும், ஒடன எனக்குச் சொல்லுன்னு. அப்படிப் பயங்காட்டாட்டி ஒருத்தனும் சர்வீஸுக்கு வரமாட்டான் மிஸ். இந்த மீற்றர்ல வாற எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. இவனுகளுக்கு வாசிக்கத் தெரியாது. நாங்க சொல்றதுதான் அவனுகளுக்கு வேதவாக்கு."

"அந்த லைட்டக் காரணம் காட்டி ஒரு பொண்ண வண்டியில ஏத்தல. செத்துப் போச்சு."

அழகமுத்து பாஸ் துணியைக் கீழே வீசினார். "நான் வியாபாரத்துக்குச் சொன்னது மிஸ். அவசரத்துக்கும் எடுக்காதன்னு நான் சொன்னேனா?"

"அடுத்த ஆளுக்குச் சொல்றப்ப அதையும் சேர்த்துச் சொல்லுங்க," என்றுவிட்டு இராஜேஸ்வரி நடந்தார். பாஸ் மறுபடியும் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே கிடந்த ஒயில் புனலை எடுத்து அவர் மண்டையில் கவிழ்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

"கேஸ் முடிஞ்சு மிஸ்," என்றேன் வண்டியில் ஏறியதும். "அந்தப் பொடியன் பொய் சொல்லல்ல. இந்த மனுசன் சொன்னத நம்பித்தான் வண்டிய எடுக்காம விட்டீக்கான். முட்டாள்தனம், பொய்யில்ல. அந்த அம்மா கால்ல விழத்தான் வேணும். யா அல்லாஹ், இத யார் போய்ச் சொல்ற?"

"மீற்றரைப் பார்க்காம நான் எதையும் முடிக்கிறதில்லை. மேல விடு."

ooo

சரிந்த வளைவில் என் வண்டி நுழைந்து ஏறியது. கீழே கண்டி நகரம் வெயிலில் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

தினுஷனின் வாசலில் தூற்றிய மண் அப்படியே கிடந்தது. தீர்ப்பு வரும் வரை அதைக் கூட்டக்கூடாதாம். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்த பெண்கள் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தினுஷன் சவரம் செய்யாத முகத்தோடு வெளியே வந்தான். தலைவர் வீரய்யா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷெட்டைத் திறந்தார்.

"லைட் எப்ப எரிஞ்சது?" இராஜேஸ்வரி தொடங்கினார்.

"அதுக்கு மொத நாள் அந்தியில. ஷெட்டுக்குள்ள விடும்போதுதான் எரிஞ்சுச்சு."

"அதுக்குப் பிறகு எடுத்தீங்களா?"

"தொடவே இல்லைங்க."

"தலைவரே, நீங்க பூட்டினது?"

"அடுத்த நாள் மத்தியானம், மண்ணத் தூத்தின கையோட. அன்னையில இருந்து சாவி என் இடுப்புலதான் கெடக்கு. நான் பூட்டும்போது வண்டி உள்ளதான் நின்னுச்சு."

இராஜேஸ்வரி காருக்குள் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். கார் இனிமையான பெண் குரலில் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது.

"என்ன சொல்லுது?" என்று பயந்துபோய்க் கேட்டார் தலைவர்.

"வக்கீல் இல்லாம வாயத் தொறக்க மாட்டாவாம்," என்றேன் நான்.

மீற்றரில் மஞ்சள் ஸ்பேனர் எரிந்தது. சிவப்பு எதுவும் இல்லை. இராஜேஸ்வரி பட்டனைத் தட்டித் தட்டிப் பக்கங்களைப் புரட்டினார். பூச்சி பூச்சியாக எழுத்துக்கள். ஒரு பக்கத்தில் ஸ்பேனர் படமும், அதற்குக் கீழே ஓர் எண்ணும்.

"வாசி ஸாகி."

"மைனஸ் அம்பத்தெட்டு."

அழகமுத்து பாஸ் சொன்னதை இராஜேஸ்வரி தலைவருக்கு விளக்கினார். லைட் எரிந்தபோது அந்த எண் பூச்சியம். அதற்குப் பிறகு வண்டி ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் ஓடியிருக்கிறது.

"அடப்பாவி!" வீரய்யா குதித்தார். "தொடலன்னு கோயில்ல நின்னு சொன்னானே! ஓட்டியிருக்கான்! பொய்யி, அத்தனையும் பொய்யி!"

எனக்கும் உள்ளுக்குள் குதூகலம்தான். பாலம்மா தப்பித்துவிட்டார், இனி விழ வேண்டியதில்லை என்று நினைத்தேன். தினுஷன் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"இருங்க தலைவரே," என்றார் இராஜேஸ்வரி. "மொத நாள் அந்தியில இருந்து நீங்க பூட்டுற வரைக்கும் தினுஷன் எங்க இருந்தார்?"

"ராத்திரி கோயில் கூட்டத்துல. காலையில பாலம்மா கதவத் தட்டும்போது வீட்டுல. பொறகு எங்களோடதான். கம்பளியத் தூக்கிக்கிட்டு கீழ வரைக்கும் வந்து, ஆஸ்பத்திரியில நின்னு, எங்க கூடத்தான்..." தலைவரின் குரல் தேய்ந்தது.

"வண்டி தனியாப் போய்ட்டுத் தனியா வந்து ஷெட்டுக்குள்ள நின்னுச்சா?"

இராஜேஸ்வரி தலைவரை வெளியே அனுப்பிவிட்டு, காரிலிருந்து இறங்கி தினுஷனுக்கு எதிரே நின்றார்.

"பாலம்மா கதவைத் தட்டின நேரம் இந்த ஷெட் காலி. அப்படித்தானே?"

தினுஷன் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். "கலகெதரைக்குக் கல்யாண ஹயர். விடியக்காலையே போயிருச்சு."

"யார் கொண்டு போனது?"

"நான் பொய் சொன்னேன் மிஸ். ஒத்துக்கிறேன். தள்ளி வைக்கட்டும். அதோட விட்ருங்க."

"வேற ஒண்ணு கேக்கிறேன். நீங்க எல்லாருக்கும் சொன்னது 'ஒயில் லைட்'. எங்கேயாவது, யாருக்காவது, மஞ்சள்னோ ஸ்பேனர்னோ சொன்னீங்களா?"

"இல்லைங்க. ஒயில் லைட்டுன்னாத்தான் பெரிசாத் தெரியும்னு..." பாதியில் நிறுத்தினான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மறு நிமிஷம் இராஜேஸ்வரியின் காலடியில் கிடந்தான். "சொல்லாதீங்க மிஸ்! அத்த தாங்க மாட்டாங்க!"

எனக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆர் மிஸ்? ஆரச் செல்றான்?"

"காலையில நம்ம கதவோரம் நின்னவன் என்ன சொன்னான் ஸாகி?"

மஞ்ச ஸ்பேனர் லைட்டு மிஸ். ஜீவனின் குரல் அப்படியே காதில் விழுந்தது.

"அவன் பழைய ட்ரைவர்தானே மிஸ்," என்று திணறினேன். "லைட்டெல்லாம் தெரிஞ்சீக்கும்."

"எத்தனை லைட் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு இந்த வண்டியில எது எரிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? சிவப்பு எரிஞ்சிருந்தா இவர் சொன்னது நியாயம். மஞ்சள்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதுக்கு வண்டி நிக்காதுன்னு தெரிஞ்சுதான் கலகெதரை வரைக்கும் ஓட்டியிருக்கான்."

தினுஷன் எல்லாவற்றையும் கொட்டினான். ஜீவன் குசினியில் வேலை செய்ததே இல்லை. சத்தியத்தை மீறி, கூட்டாளியான இவனுடைய காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பாலம்மா கதவைத் தட்டியபோது வண்டி இல்லை என்றால் எங்கே என்று கேட்பார். யார் கொண்டு போனது என்று கேட்பார். அந்த நேரம் வாயில் வந்தது லைட். நாலைந்து குளவிதான் கொட்டியிருக்கும், அம்புலன்ஸ் எப்படியாவது மேலே ஏறிவிடும் என்று நினைத்தானாம்.

"ஜீவனுக்கு விடாம போன் அடிச்சேன் மிஸ். எடுக்கல. நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில நின்ன நேரம் வந்து வண்டிய விட்டுட்டுப் போயிருக்கான்."

"உங்க மேல மண்ணத் தூத்தினப்பவும் அவன் வாயைத் திறக்கலையா?"

தினுஷன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் இனிப் பார்க்கக்கூடாது. "மொதப் பிடி மண்ண எடுத்து அத்த கையில குடுத்ததே அவன்தான் மிஸ்."

நானாக இருந்தால் அந்தப் பையனைத் தோளில் தட்டிக் கொடுத்திருப்பேன். இராஜேஸ்வரி குனிந்து அவனிடம் சொன்னார்: "நீங்க நல்லவர்னு நினைச்சுக்காதீங்க. வண்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்க கீழ ஓட்டோவுக்கு ஆள் அனுப்பியிருப்பாங்க. உங்க காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சின நேரம்தான் அந்தப் பிள்ளைக்கு இல்லாமப் போன நேரம்."

தினுஷன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினான்.

ooo

கோயிலுக்கு நடக்கும்போது நான் இராஜேஸ்வரியை மறித்தேன்.

"விடுங்க மிஸ். அவன் பழிய ஏத்துக்கிறேன் எண்டு செல்றான். அந்த அம்மாக்கு மிச்சமீக்கிறது ஒரே ஒரு புள்ள. அதையும் புடுங்கிப் போடப் போறீங்களா?"

"உண்மை வேணும்னு கேட்டாங்க ஸாகி."

"உண்மைய வெச்சி அவங்க என்ன செய்ய?"

"அது அவங்க பாடு. அந்தப் பையன் குடும்பத்தைத் தள்ளி வைக்க நான் துணை போக மாட்டேன்."

அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் சொல்வது நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

மாரியம்மன் கோயில் வாசலில் லயமே கூடி நின்றது. ஜீவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னுக்கு நின்றான். எங்களைக் கண்டதும், "மிஸ்ஸே சொல்லட்டும்! அவன் பொய்யனா இல்லையா?" என்று கத்தினான். ஆட்கள் ஆமாம் போட்டார்கள்.

"சொல்றேன் தம்பி," என்றார் இராஜேஸ்வரி. "காலையில எனக்குச் சொன்னீங்களே, வண்டியில என்ன லைட் எரிஞ்சதுன்னு. அதை இவங்களுக்கும் சொல்லுங்க."

"மஞ்ச ஸ்பேனர்! சர்வீஸ் லைட்டு! அதுக்கு வண்டி நிக்கவே நிக்காது!" தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

தலைவர் வீரய்யா முன்னால் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "அது மஞ்சள்னு இன்னைக்கு ஷெட்டத் தொறந்த பொறகுதான் எனக்கே தெரியும். தினுஷன் ஒயில் லைட்டுன்னுதானே சொன்னான். நீ எப்படா பாத்த?"

ஜீவன் அம்மாவைப் பார்க்கவில்லை, தினுஷனைப் பார்த்தான். தினுஷன் கூட்டத்துக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இராஜேஸ்வரி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஐம்பத்தெட்டு கிலோமீற்றர், கலகெதரை, கல்யாண ஹயர், காலியாகக் கிடந்த ஷெட்.

பாலம்மா மகனிடம் நடந்து போனார். அடிப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். அவனும் அடியை எதிர்பார்த்துக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்குக் கல்யாண வீட்டுல சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார்.

"அம்மா..."

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"சாப்ட்டேம்மா."

பாலம்மா தலையாட்டினார். பசியோடு வேலைக்குப் போன பிள்ளையை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். பிறகு திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தினுஷனிடம் போனார். ஐயோ வேண்டாம் அத்த, வேண்டாம் என்று அவன் பின்வாங்கினான். கமிட்டிக்காரர்கள் தடுத்தார்கள். "வீணா மண்ணத் தூத்தினது நான்தானே," என்று சொல்லி, அத்தனை பேர் முன்னிலையிலும் நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தார். தூக்க முயன்ற பெண்களின் கையைத் தட்டிவிட்டுத் தானாகவே எழுந்தார்.

"ஒன்ன நான் மன்னிக்கல தினுஷா," என்றார். "நீ அந்தக் கதவுல நின்னு சொன்னது என் சாவு வரைக்கும் மறக்காது. ஆனா எனக்கு வேற ஆளில்ல. நான் செத்தா கொள்ளிக்குடத்த நீ தூக்கு. இவன் தூக்கக் கூடாது. இவன் என் பொணத்தத் தொடக் கூடாது. தலைவரே, நாளைக்கு யாராவது மாத்திப் பேசினா நீங்கதான் சாட்சி."

"அம்மா!" என்று ஜீவன் அலறினான். கோயில் வாசலில் சூடத்தட்டோடு நின்ற பூசாரி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாலம்மா எங்களைக் கடந்து லயத்துப் பக்கம் நடந்தார். இராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். நன்றி சொல்லப் போகிறாரோ, திட்டப் போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "கேட்டது நான்தான் மிஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரை அந்த அம்மா அழவில்லை.

பூசை மணி அடித்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கோயிலுக்குள் போனார்கள். ஜீவனை யாரும் அடிக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவன் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே போவதா, வீட்டுக்குப் போவதா, மலையை விட்டு இறங்குவதா என்று தெரியாமல் அவன் அங்கேயே நின்றான்.